எந்த மீடியா நீங்க?

பெரும்பாக்கத்தில் கைபேசியை உயர்த்திப் பிடித்து எதையாவது பதிவு செய்கிற எவருக்கும் இந்தக் கேள்வி பழக்கமானது. தண்ணீர் லாரி வராத நாளில் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் காத்திருக்கும் இடத்தில் கேட்பார்கள். பள்ளிக்கூட வாசலில் கேட்பார்கள். இரவில் பையன்களை நிறுத்தி விசாரிக்கும் இடத்தில் கட்டாயம் கேட்பார்கள். "எந்த மீடியா நீங்க? கார்டு இருக்கா? யாருகிட்ட பர்மிஷன் வாங்குனீங்க?"

எங்களோடு வேலை செய்கிற கல்லூரிப் பிள்ளைகள் சில மாதங்களாக எங்களிடம் கேட்பது வேறு கேள்வி. "அக்கா, நாமளும் ஒரு பிரஸ் கார்டு வாங்கிட்டா என்ன? காசு கட்டினா கொடுக்குறாங்களாம்." இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. வாங்கலாம் என்றாலும் வேண்டாம் என்றாலும் அதற்குப் பின்னால் நூறு வருடக் கதை இருக்கிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறோம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சமூக ஊடகம் என்றால் இன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் என்றே எல்லோரும் புரிந்துகொள்கிறோம். நாங்கள் பேசப்போவது சமுதாய ஊடகத்தைப் பற்றி. ஒரு பகுதி மக்கள் தங்களுக்காகத் தாங்களே நடத்தும் வானொலி, செய்திமடல், காணொளி ஆகியவை சமுதாய ஊடகம். அதில் லாபம் கிடையாது, முதலாளி கிடையாது. யாரைப் பற்றிய செய்தியோ அவர்களே அதன் வாசகர்களும் கேட்பவர்களும் ஆவார்கள்.

பெரும்பாக்கத்துக்கு இது ஏன் தேவைப்பட்டது என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். வெளியூர் மாணவர்களுக்காகச் சொல்கிறோம். சென்னையின் தெற்கு எல்லையில், சதுப்புநிலத்தை ஒட்டி, எட்டு அடுக்குக் கட்டடங்களாக 20,000க்கும் மேற்பட்ட வீடுகள். கூவக் கரையிலும் அடையாற்றங்கரையிலும் தலைமுறைகளாக வாழ்ந்த தலித் குடும்பங்களும் பிற உழைக்கும் குடும்பங்களும் இங்கே கொண்டுவரப்பட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். வேலை நகரத்துக்குள் இருந்தது. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் அங்கேதான் இருந்தன. வீடு மட்டும் இங்கே வந்தது.

வீட்டோடு ஒரு பெயரும் வந்து சேர்ந்தது. வேலைக்கான நேர்காணலில் முகவரி கேட்டதும் முகம் மாறுவதைப் பார்க்காத பிள்ளை இங்கே குறைவு. அந்த முகமாற்றத்தைச் செய்திகள்தாம் வளர்த்தன. எங்கள் பகுதிக்கு கேமரா வருவதற்குக் காரணங்கள் மூன்றே: கஞ்சா, கத்தி, வெள்ளம். ஒரு கட்டடத்தில் எட்டு மாடிக்கு ஒரு லிப்ட் ஓடாமல் வாரக்கணக்கில் நிற்பது செய்தியாவதில்லை. பள்ளிக்குப் போகும் பேருந்து எத்தனை மணிக்கு வராமல் போகிறது என்பதும் ஆவதில்லை.

எங்கள் குழு கொரோனா ஊரடங்கில் தொடங்கியது. எந்த ரேஷன் கடை திறந்திருக்கிறது, காய்ச்சல் முகாம் எந்த பிளாக்கில் நடக்கிறது என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினோம். பெரியவர்கள் பலருக்கு எழுத்து படிக்க வராது, குரல் போதும். பிறகு மூன்று நிமிடக் காணொளிகள் வந்தன. ஆறு பேர், மூன்று கைபேசி, காலரில் குத்தும் ஒரு மைக். அவ்வளவுதான் எங்கள் ஊடக நிறுவனம்.

இரண்டு சம்பவங்களைச் சொல்கிறோம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எங்கள் சிக்கல் புரியும்.

ஒருமுறை ஒரு கட்டடத்தில் லிப்ட் நின்று பதினோரு நாளாகியிருந்தது. ஆறாவது மாடியிலிருந்து ஒரு நிறைமாதக் கர்ப்பிணியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கி இறக்கினார்கள். அந்தப் பெண்ணிடமும் அவருடைய அம்மாவிடமும் கேட்டுவிட்டு, முகம் தெரியாமல் பதிவு செய்தோம். லிப்ட் எப்போது சரியாகும் என்று கேட்க ஓர் அலுவலகத்துக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் கழுத்தில் அட்டை தொங்க ஒருவர் நின்றிருந்தார். அவரை "வாங்க சார்" என்றார்கள். எங்களிடம் வந்ததும், "நீ எந்த மீடியா? கார்டு இல்லாம எதுக்கு வீடியோ எடுக்குற?" என்றார்கள். பதில் தரவில்லை. அட்டை இருந்தால் "வாங்க", இல்லாவிட்டால் "நீ". சாதியைக் கேட்காமலே சாதியை நடத்திக்கொள்ளும் வழிகளில் இதுவும் ஒன்று.

இன்னொரு சம்பவம். எங்கள் பகுதியில் தள்ளுவண்டியில் இட்லி விற்கும் ஓர் அக்காவிடம், வண்டியில் பிரஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஒருவர் வந்தார். "அனுமதி இல்லாம நடைபாதையில கடை போட்டிருக்கீங்க, நியூஸ் போட்டா நாளைக்கே தூக்கிடுவாங்க" என்றார். இரண்டு நாள் வருமானம் அவர் சட்டைப்பைக்குள் போனது. அந்த அக்காவைப் பொறுத்தவரை, பிரஸ் என்பது பயப்பட வேண்டிய இன்னொரு சொல். அதற்குப் பிறகு நாங்கள் மைக்கோடு போனபோது எங்களையும் அவர் அப்படித்தான் பார்த்தார்.

ஆக, அட்டை இல்லாததால் அவமானப்படுகிறோம். அட்டை என்ற பெயரில் நடப்பதால் சுரண்டப்படவும் செய்கிறோம். ஊடகங்களுக்கு எந்த ஒழுங்குமுறையும் வேண்டாம், கருத்துச் சுதந்திரம் மட்டும் போதும் என்று சொல்வது வசதியானவர்களுக்கு எளிது. போலிகளால் முதலில் அடிபடுவது எங்கள் தெரு. ஆகவே ஒழுங்குமுறை வேண்டும் என்றே நாங்களும் சொல்கிறோம். எதை அளந்து ஒழுங்குபடுத்துகிறார்கள் என்பதில்தான் எங்கள் கேள்வி.

2021 ஆகஸ்ட்டில் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகள் என். கிருபாகரன், பி. வேல்முருகன் அமர்வு இந்தப் போலிப் பத்திரிகையாளர் சிக்கலைத்தான் எடுத்துப் பேசியது. ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில், மூத்த பத்திரிகையாளர்களும் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளும் கொண்ட தமிழ்நாடு பத்திரிகை மன்றம் ஒன்றை மூன்று மாதத்துக்குள் அமைக்க உத்தரவிட்டது. நோக்கத்தில் குறை சொல்ல மாட்டோம். இட்லிக்கடை அக்காவிடம் காசு பறித்தவரைத் தடுக்க யாராவது வேண்டும்தான்.

ஆனால் அந்த உத்தரவு சொன்ன தகுதிகளைப் பாருங்கள். எத்தனை பேரை வேலைக்கு வைத்திருக்கிறீர்கள், எவ்வளவு சம்பளம் தருகிறீர்கள், எவ்வளவு வருமான வரி பிடித்துக் கட்டுகிறீர்கள், எத்தனை பிரதி விற்கிறீர்கள் என்ற விவரங்களைத் தராதவர்களுக்கு ஸ்டிக்கரோ அடையாள அட்டையோ தரக்கூடாது என்றது. ஒன்றிய அரசு 2022 பிப்ரவரியில் கொண்டுவந்த அங்கீகார வழிகாட்டு நெறிமுறைகளும் இதே தடத்தில்தான் போகின்றன. முழுநேரப் பத்திரிகையாளராக ஐந்து ஆண்டு அனுபவம் வேண்டும். இணையதளம் என்றால் அதை மாதந்தோறும் எத்தனை லட்சம் பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கு வேண்டும்.

எங்கள் குழுவுக்கு இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். ஊழியர்கள் யாரும் இல்லை. சம்பளம் இல்லை, அதனால் வரிப்பிடித்தமும் இல்லை. பார்ப்பவர்கள் சில ஆயிரம் பேர், அவர்கள் எல்லோரும் இங்கேயே இருக்கிறார்கள். வீட்டு வேலைக்கும் டெலிவரிக்கும் போய்விட்டு வந்து இரவில் எடிட்டிங் செய்பவர் எந்தக் காலத்திலும் முழுநேரப் பத்திரிகையாளர் ஆக முடியாது. இந்தத் தகுதிகள் நேர்மையை அளக்கவில்லை, சொத்தை அளக்கின்றன. காசு பறிப்பவர் நினைத்தால் ஒரு கம்பெனி பதிவு செய்து நான்கு பேருக்குச் சம்பளக் கணக்கு எழுதி இந்தத் தேர்வில் வென்றுவிடுவார். நாங்கள்தான் தோற்போம்.

இங்கே மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. அங்கீகார அட்டை என்பது செய்தி சேகரிக்கும் உரிமம் அல்ல. பேச்சுரிமையும் கருத்துரிமையும் அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவில் இருந்து வருகின்றன. அது எல்லாக் குடிமக்களுக்கும் உரியது. பத்திரிகைகளுக்கென்று தனியாக ஓர் உரிமையை நம் அரசியலமைப்பு எழுதி வைக்கவில்லை. பத்திரிகையாளருக்கு இருக்கும் சுதந்திரமும் குடிமக்களின் இந்த உரிமையிலிருந்து வந்ததுதான். அரசு தரும் அட்டை ஒரு வசதி. தலைமைச் செயலகத்துக்குள் போகலாம், அரசு நிகழ்ச்சிக்கு அழைப்பு வரும், அரசுப் பேருந்தில் பயணச் சலுகை கிடைக்கும். அட்டை இல்லை என்றால் இந்த வசதிகள்தாம் இல்லை. பொது இடத்தில் நடப்பதைப் பார்ப்பதற்கும் சொல்வதற்கும் அட்டை தேவையில்லை.

அட்டை வெறும் வசதிதான் என்றால் ஏன் இவ்வளவு பேச வேண்டும் என்று கேட்கலாம். வசதி யாருக்குக் கிடைக்கிறதோ அவர்கள்தாம் அதிகாரத்தின் முன்னால் கேள்வி கேட்கிறார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்தால் நாட்டின் செய்தி யார் வாயிலிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். 1996இல் ஒருவர் அதை எண்ணியே பார்த்தார். வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையின் தில்லி நிருபர் கென்னத் கூப்பர், தனக்கு ஒரு தலித் பத்திரிகையாளரை அறிமுகப்படுத்த முடியுமா என்று பி. என். உனியாலிடம் கேட்டார். உனியால் முப்பது வருடம் பத்திரிகைத் துறையில் இருந்தவர். யோசித்துப் பார்த்தார், ஒருவர்கூட நினைவுக்கு வரவில்லை. ஒன்றிய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் அங்கீகாரப் பட்டியலை எடுத்தார். மொத்தம் 686 பேர். அவர்களில் 454 பேர் பெயரிலேயே மேல்சாதி தெரிந்தது. மீதி 232 பேரில் 47 பேரைத் தொடர்புகொண்டார். ஒருவர்கூட தலித் இல்லை. நவம்பர் 16 அன்று பயனியர் பத்திரிகையில் இதை எழுதினார்.

அந்தக் கட்டுரைக்குப் பிறகு 1998இல் சந்திரபான் பிரசாத்தும் சியோராஜ் சிங் பேச்சைனும் பத்திரிகை அமைப்புகளிடம் மனுக் கொடுத்தார்கள். ஊடகங்களில் தலித்துகளுக்கு இடம் கேட்டார்கள். இருபது ஆண்டுக்கு மேல் கழிந்து, 2019இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. செய்தி அறைகளின் 121 தலைமைப் பதவிகளில் 106 மேல்சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை. ஆகவே, ஐந்து ஆண்டு முழுநேர அனுபவம் வேண்டும் என்று ஒருவர் சொன்னால், அந்த அனுபவத்தை யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும். உள்ளே விடாத வீட்டில் ஐந்து வருடம் குடியிருந்த ரசீதைக் கேட்பது போன்ற தகுதி இது.

நம் முன்னோர்கள் அங்கீகாரத்துக்காகக் காத்திருக்கவில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் "பறையன்" இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே இதழின் பெயராக்கினார். 1896இல் ஒரு கடிதத்தை வெளியிட்டதற்காக வழக்கைச் சந்தித்து 100 ரூபாய் அபராதம் கட்டினார். 1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் "ஒரு பைசாத் தமிழன்" வெளியிட்டார். விலை, பெயரில் சொன்னதுபோல ஒரு பைசா. 1920 ஜனவரி 31 அன்று அண்ணல் அம்பேத்கர் "மூக்நாயக்" தொடங்கியபோது, கட்டணம் தருகிறோம் என்றும் அதன் விளம்பரத்தை வெளியிட "கேசரி" மறுத்தது. இவர்களில் எவருடைய இதழும் விற்பனைக் கணக்கில் பெரிய இதழ் இல்லை. இன்றைய அளவுகோலை வைத்தால் மூன்றுமே சலுகைக்குத் தகுதியற்றவை.

அன்றும் சட்டம் இருந்தது. 1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் அச்சிடுபவர் யார், வெளியிடுபவர் யார், எங்கிருந்து வருகிறது என்று நீதித்துறை நடுவர் முன்னால் உறுதிமொழி கொடுக்கச் சொன்னது. பெயரையும் முகவரியையும் கேட்டது. பிறகு 1910ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டம் வந்தது. அது ஜாமீன் தொகை கேட்டது. பணம் கட்டினால் நடத்து, அரசுக்குப் பிடிக்காததை எழுதினால் பணம் பறிமுதல். சிறு அச்சகங்களின் கழுத்தை நெரித்த சட்டம் என்று அதை நம் வரலாற்றுப் புத்தகங்கள் சொல்கின்றன. பெயரைக் கேட்பது ஒருவகை ஒழுங்குமுறை, பணத்தைக் கேட்பது வேறுவகை. முதலாவது பொறுப்பைக் கேட்கிறது. இரண்டாவது வாசலிலேயே வடிகட்டுகிறது. ஜாமீன் தொகை என்ற சொல் இன்று இல்லை. அதன் இடத்தில் தகுதி என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது.

வானொலியில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். 1995 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் அலைவரிசைகள் பொதுச்சொத்து என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் 2002இல் சமுதாய வானொலிக்குக் கதவு திறந்தபோது கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் திறந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலி தொடங்கியது. சென்னைக்கு அது பெருமைதான். ஆனால் எங்கள் தெருவில் யாருக்கும் பல்கலைக்கழகம் சொந்தமாக இல்லை. 2006 நவம்பரில்தான் தொண்டு அமைப்புகளும் நடத்தலாம் என்ற கொள்கை வந்தது. அதிலும் அமைப்பு பதிவாகி மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும். தனிநபர்களுக்குக் கிடையாது.

இந்தக் கதவு திறப்பதற்காகப் பத்து வருடம் காத்திருந்த தலித் பெண்களை நம் மாணவர்கள் அறிய வேண்டும். இன்றைய தெலங்கானாவில், ஜஹீராபாத் பக்கத்தில் மச்னூர் என்ற கிராமம். தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் தலித் பெண்கள் 1998 வாக்கில் யுனெஸ்கோ உதவியோடு நிலையம் அமைத்துவிட்டார்கள். ஒலிபரப்ப அனுமதி இல்லை. சும்மா இருக்கவில்லை. விதை பற்றி, பயிர் பற்றி, பெண்கள் உடல்நலம் பற்றித் தங்கள் மொழியில் பதிவு செய்தார்கள். கேசட்டை எடுத்துக்கொண்டுபோய்ச் சங்கக் கூட்டங்களில் ஓட்டினார்கள். 2008 அக்டோபர் 15 அன்று சங்கம் ரேடியோ காற்றில் வந்தது. நரசம்மா என்ற ஒரே பெயர் கொண்ட இரண்டு பெண்கள் அதை நடத்தினார்கள். ஒருவர் ஜெனரல் நரசம்மா, இன்னொருவர் அல்கோல் நரசம்மா. அனுமதி வந்த பிறகு அவர்கள் ஊடகர்கள் ஆகவில்லை. முன்பே ஊடகர்களாக இருந்தார்கள், அனுமதி பின்னால் வந்தது.

தமிழ்நாட்டில் பாம்பனில் மீனவர்களுக்காக 2016இல் தொடங்கிய கடல் ஓசை இருக்கிறது. கடலுக்குப் போகிறவர்களுக்குக் காற்றையும் அலையையும் அவர்கள் பேச்சிலேயே சொல்லும் வானொலி எவ்வளவு பெரிய காரியம் என்று அங்கே போய்க் கேட்டால் தெரியும். 2024 பிப்ரவரியில் சென்னையில் நடந்த சமுதாய வானொலி மாநாட்டின்போது புதிய வழிகாட்டு நெறிமுறைகள் வந்தன. அனுமதிக் காலம் ஐந்திலிருந்து பத்து ஆண்டாகியது. மணிக்கு ஏழு நிமிடமாக இருந்த விளம்பர நேரம் பன்னிரண்டு நிமிடமாகியது. இவை நல்ல மாற்றங்களே. ஆனால் அடிப்படைத் தடை அப்படியே இருக்கிறது. சமுதாய வானொலி தன் சொந்தச் செய்தியைச் சொல்லக்கூடாது. செய்தி வேண்டுமென்றால் அகில இந்திய வானொலியின் செய்திதான்.

எது செய்தி, எது செய்தி இல்லை? தனியார் பண்பலை வானொலிகளுக்காக 2011இல் வகுத்த கொள்கை ஒரு பட்டியல் தருகிறது. போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, பண்பாட்டு நிகழ்ச்சி எல்லாம் செய்தி அல்ல, சொல்லலாம். மின்சாரம், குடிநீர் பற்றிய அறிவிப்புகளும் சொல்லலாம். ஆனால் உள்ளூர் நிர்வாகம் தந்தபடி சொல்ல வேண்டும். இந்தக் கடைசி வார்த்தையை நின்று படியுங்கள். "நாளை காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வரும்" என்று நிர்வாகம் சொன்னால் அது அறிவிப்பு. ஆறு மணிக்குத் தண்ணீர் வரவில்லை என்று பெரும்பாக்கத்தில் ஒரு பெண் சொன்னால் அது செய்தி. முன்னது அனுமதிக்கப்பட்டது, பின்னது தடைசெய்யப்பட்டது. இந்தத் தடையை எதிர்த்து காமன் காஸ் அமைப்பு 2013இல் உச்சநீதிமன்றம் போனது. செய்தித்தாளும் தொலைக்காட்சியும் சொல்லக்கூடியதை வானொலி மட்டும் ஏன் சொல்லக்கூடாது என்பதுதான் கேள்வி. வானொலி மலிவானது, எழுத்துத் தெரியாதவரையும் போய்ச் சேருவது. பயம் அங்கிருந்துதான் வருகிறது என்பது எங்கள் எண்ணம்.

இணையத்துக்கும் இதே வேலி வருகிறது. 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் டிஜிட்டல் செய்தி வெளியீட்டாளர்களை மூன்றடுக்குக் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தன. டி. எம். கிருஷ்ணாவும் டிஜிட்டல் செய்தி வெளியீட்டாளர் சங்கமும் தொடுத்த வழக்குகளில், அதே ஆண்டு செப்டம்பர் 16 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அதன் முக்கியமான துணைவிதிகளுக்குத் தடை போட்டது. மும்பை உயர்நீதிமன்றம் அதற்கு ஒரு மாதம் முன்பே தடை விதித்திருந்தது. 2023 நவம்பரில் ஒளிபரப்புச் சேவைகள் மசோதாவின் வரைவு வந்தது. தனியாகக் காணொளி போடுகிறவர்களையும் அதற்குள் இழுக்கும் திருத்த வரைவு 2024இல் கசிந்து, எதிர்ப்புக் கிளம்பியதும் ஆகஸ்ட்டில் பின்வாங்கினார்கள். போனது திரும்பி வராது என்று யாரும் நம்ப வேண்டாம். இப்போதுள்ள விதிகளில் தொழிலாக நடத்தாத தனிநபருக்கு விலக்கு இருக்கிறது. அந்த விலக்கை விட்டுவிடாமல் காப்பதும் நம் வேலைதான்.

எங்கள் குழுவுக்குள் இதில் இரண்டு கருத்து உண்டு. ஒரு தோழர் சொல்கிறார்: "அவங்க பிள்ளைங்க கழுத்துல கார்டு போட்டுக்கிட்டு உள்ளே போவாங்க, நம்ம பிள்ளைங்க மட்டும் கொள்கை பேசிக்கிட்டு வெளியில நிக்கணுமா?" நியாயமான கோபம். 686 பேர் பட்டியலில் நம் பெயர் இல்லாததை எதிர்த்துப் பேசிவிட்டு, பட்டியலே வேண்டாம் என்று சொல்ல முடியாது. இன்னொரு தோழர் சொல்கிறார்: "கொடுத்தவன் பிடுங்கவும் செய்வான்." அதுவும் உண்மை. 2022 நெறிமுறைகளின்படி பொது ஒழுங்கு, கண்ணியம், ஒழுக்கம் போன்ற விரிந்த சொற்களைக் காரணம் காட்டி அங்கீகாரத்தைத் திரும்பப் பெறலாம். சாதி வன்கொடுமையைப் பற்றிப் பேசும் எந்தச் செய்தியையும் பொது ஒழுங்குக்குக் கேடு என்று சொல்ல ஊரில் நாலு பேர் எப்போதும் இருக்கிறார்கள்.

நாங்கள் பேசிப் பேசி வந்து சேர்ந்த இடம் இது. அரசு அங்கீகாரம் நியாயமான வழியில் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் பங்கு. காசு கொடுத்து எந்தச் சங்கத்திடமும் அட்டை வாங்காதீர்கள். வண்டியில் பிரஸ் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், நம் மக்களை அது பயமுறுத்தும். அட்டை வரும்வரை வேலையை நிறுத்தி வைக்காதீர்கள்.

அட்டை இல்லாதவர்களுக்கும் ஒழுங்கு வேண்டும். எங்களுக்கு நாங்களே வைத்திருக்கும் விதிகளைச் சொல்கிறோம். கேமராவை எடுக்கும் முன் அனுமதி கேட்போம். சிறுவர்கள் முகத்தைக் காட்டமாட்டோம். பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களின் அடையாளம் தெரியும்படி ஒரு சொல்கூடப் பேசமாட்டோம். அதைச் சட்டமும் தடுக்கிறது, சட்டம் இல்லாவிட்டாலும் செய்யமாட்டோம். வீட்டு எண், பிளாக் எண் சொல்லமாட்டோம். யாரைப் பற்றிய காணொளியோ அவர்களிடம் முதலில் காட்டுவோம், வேண்டாம் என்றால் போடமாட்டோம். குற்றம் சாட்டப்படுகிறவரிடமும் பதில் கேட்போம். யாரிடமும் பணம் வாங்கமாட்டோம். ஏதாவது தவறாக வந்துவிட்டால் எந்தக் குழுவில் போட்டோமோ அதே குழுவில் திருத்தம் போட வேண்டும். சிக்கல் வந்தால் கட்டடத்தின் பெண்கள் கூடி விசாரிப்பார்கள். அந்தப் பெண்கள்தாம் எங்கள் பத்திரிகை மன்றம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அரசிடம் கேட்க எங்களுக்குக் கோரிக்கைகளும் உண்டு. அங்கீகாரத்தில் சமுதாய ஊடகத்துக்கென்று தனிப் பிரிவு வேண்டும். அதன் தகுதி விற்பனையும் வரியும் என்று இல்லாமல், பெயர், முகவரி, வெளியிட்ட விதிகள், போட்ட திருத்தங்கள், கிராம சபை அல்லது பகுதி சபையின் சான்று என்று இருக்க வேண்டும். யாருக்கெல்லாம் அட்டை தரப்பட்டிருக்கிறது என்ற பட்டியலைச் சமூகப் பிரிவு வாரியான எண்ணிக்கையோடு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். உனியால் தொலைபேசியில் எண்ணியதை அரசே எண்ணட்டும். ஊடகங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் எந்த மன்றத்திலும் நீதிபதியோடும் அதிகாரியோடும் பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற இடங்களிலிருந்து ஒரு தலித் பெண்ணாவது உட்கார வேண்டும். செய்தியால் அடிபட்டவருக்குத்தான் செய்தியின் ஒழுக்கம் தெரியும். சமுதாய வானொலி தன் ஊர்ச் செய்தியைச் சொல்ல உரிமை வேண்டும்.

இவை வரும்வரை, அட்டை கேட்காத கதவுகள் எவை என்று தெரிந்துகொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(2) பிரிவின்படி, ஏன் கேட்கிறாய் என்று உங்களை யாரும் கேட்க முடியாது. பத்து ரூபாய்க் கட்டணமும் ஒரு வெள்ளைத்தாளும் போதும். லிப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் யாருக்கு, எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்குள் பழுது நீக்க வேண்டும் என்று நாங்கள் அப்படித்தான் கேட்கிறோம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15அ பிரிவு, அந்தச் சட்டத்தின் கீழான நடவடிக்கைகள் அனைத்தையும் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. அதைப் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சொல்லுங்கள், பதிவு நடக்கிறதா என்று கேளுங்கள். கிராம சபையில் எழுந்து பேச, வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பது ஒன்றே தகுதி. மாநகராட்சி எல்லைக்கு வெளியே ஊராட்சியாகவே இருந்துவந்த பெரும்பாக்கத்தில் அதை நாங்கள் பயன்படுத்தியிருக்கிறோம்.

செமஸ்டர் விடுமுறையில் வருகிற மாணவர்களுக்கு வேலை காத்திருக்கிறது. ஒவ்வொரு கட்டடத்திலும் எத்தனை லிப்ட், எது ஓடுகிறது, எது எத்தனை நாளாக நிற்கிறது என்று மாடி மாடியாக ஏறிக் கணக்கெடுக்கப் போகிறோம். குரல் பதிவாகவும் தாளிலும் வெளியிடுவோம். கைபேசியும் ஒரு நோட்டும் எடுத்து வாருங்கள். கழுத்தில் எதுவும் தொங்க வேண்டியதில்லை. ஜெய் பீம்.